சாம்பலுக்குப் பின் எழுதிய பட்டியல்

2021 டிசம்பர் 30 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், போல்டர் கவுண்டியில் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) பரவிய மார்ஷல் தீயில் அழிந்த 1,084 வீடுகளில், லூயிஸ்வில் நகரில் இருந்த எங்கள் வீடும் ஒன்று. அந்த ஒரு நாளைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். அதன்பின் காப்பீட்டுத் தொகையைப் பெறுவதற்காக நாங்கள் பட்ட பாட்டை எழுதுவதே என் நோக்கம். முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் எங்களுக்குப் பெரிதும் உதவியிருக்கும் செய்திகள் அதில் பல இருக்கின்றன.

எங்கள் தெருவுக்கு அருகில் காடு கிடையாது. திறந்த புல்வெளிதான் உண்டு. அவ்வாண்டு வசந்தத்தில் பெய்த மழையில் செழித்த புல், பிற்பாதியில் மழையும் பனியும் பொய்த்துப்போனதால் சருகாகக் காய்ந்து நின்றது. முற்பகல் 11 மணிக்குப் பிறகு பற்றிய தீயை, மலைச்சரிவிலிருந்து மணிக்கு 100 மைலுக்கும் மேலான வேகத்தில் இறங்கிய காற்று ஊருக்குள் தள்ளியது. அந்தக் காற்றில் தீயணைப்பு விமானங்களால் பறக்கவும் முடியவில்லை. பறந்து வந்த தீப்பொறிகள் பரணின் காற்றுத்துளைகளுக்குள் புகுந்தன, மரவேலிகளைப் பற்றின, அதன்பின் ஒரு வீடு அடுத்த வீட்டுக்கு விறகானது. 35,000க்கும் மேற்பட்டோர் வெளியேறினோம். நாங்கள் மகளையும், கடவுச்சீட்டுகள் இருந்த பையையும், ஒரு மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். மறுநாள்தான் பனி பெய்யத் தொடங்கியது.

பக்கத்து ஊரான லாஃபயட்டில் திறக்கப்பட்ட பேரிடர் உதவி மையத்தில் முதல் வாரத்தைக் கழித்தோம். காப்பீடு இருந்தாலும் கூட்டாட்சி அரசின் பேரிடர் முகமையான ஃபீமாவில் பதிவு செய்துவிடுங்கள் என்று அங்கிருந்த ஒரு பெண்மணி வற்புறுத்தினார். காப்பீடு தருவதையே அவர்கள் மீண்டும் தரமாட்டார்கள் என்றாலும், அது எட்டாத செலவுகளுக்கு அந்தப் பதிவு தேவைப்படலாம் என்பதால் அது நல்ல அறிவுரைதான். வீடு இல்லாமற்போனாலும் வீட்டுக்கடன் தவணை நிற்காது என்பதும், கட்டடத்துக்கான காசோலை கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தே வரும் என்பதும், அவர்கள் அந்தப் பணத்தை வேலை நடக்க நடக்கத் தவணை தவணையாகத்தான் விடுவிப்பார்கள் என்பதும் எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தன.

எல்லாவற்றையும்விட எங்களை வாட்டியது உடைமைப் பட்டியல். பொருளின் பெயர், எண்ணிக்கை, வாங்கிய ஆண்டு, வாங்கிய இடம், இன்றைய விலை என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். முதலில் தேய்மானம் கழித்த தொகையைத் தருவார்கள். அந்தப் பொருளை மீண்டும் வாங்கி ரசீதைக் காட்டினால்தான் மீதி கிடைக்கும். வாடகை வீட்டின் தரையில் உட்கார்ந்து, கண்களை மூடி, ஒவ்வோர் அறைக்குள்ளும் கதவிலிருந்து வலப்பக்கமாக நடப்பதுபோல நினைத்துக்கொண்டு நானும் என் மனைவியும் மாறி மாறிச் சொல்லி எழுதினோம். மகளின் ஐந்தாவது பிறந்தநாள் படத்தில், கேக்குக்குப் பின்னால் புத்தக அலமாரி பாதி தெரிந்தது. படத்தைப் பெரிதாக்கி, புத்தகங்களின் முதுகுகளை ஒவ்வொன்றாக எண்ணினோம், நாற்பத்தொன்று. சமையலறையை மீட்டுத் தந்தவர் மதுரையில் இருந்த என் அம்மா. முந்தைய முறை வந்தபோது அந்த அலமாரிகளை அடுக்கியவர் அவர்தான். "மேல் தட்டுல பித்தளை இடியாப்ப நாழி இருந்துச்சே, அதை எழுதுனியாப்பா?" என்று காணொளி அழைப்பில் கேட்டபோது, அதுவரை அழாத நான் அழுதுவிட்டேன். இட்லித் தட்டு எத்தனை அடுக்கு, டவரா டம்ளர் எத்தனை ஜோடி என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

இழப்பைக் கணக்கிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பிய மதிப்பீட்டாளர்கள் பண்பானவர்கள், ஆனால் இரண்டு மாதங்களில் மூன்று பேர் மாறினார்கள், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. அதனால் ஒவ்வொரு தொலைபேசிப் பேச்சுக்கும் பிறகு, பேசியதைச் சுருக்கி அன்றே மின்னஞ்சலில் அனுப்பினோம். நாங்கள் செய்தவற்றில் மிகவும் கைகொடுத்தது அதுதான். உடைமைகளுக்கான உச்சவரம்பில் 30 சதவீதத்தைப் பட்டியல் கேட்காமலே தர வேண்டும் என்று கொலராடோவின் 2013ஆம் ஆண்டுச் சட்டம் சொன்னது. எங்கள் தீக்குப் பிறகு, 2022இல் இயற்றப்பட்ட சட்டம் அதை 65 சதவீதமாக உயர்த்தியது. வீட்டை இழந்தவர்கள் சட்டமன்றக் குழுவின் முன் நேரில் சென்று பேசியதற்கு அந்த உயர்வில் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன்.

கட்டடத் தொகையில்தான் பெரிய அடி விழுந்தது. பாலிசியில் எழுதியிருந்த தொகை, அதே அளவு வீட்டை மீண்டும் கட்ட ஒப்பந்ததாரர்கள் கேட்ட தொகையைவிட வெகுவாகக் குறைவு. எங்களுக்கு மட்டுமல்ல, தெருவில் பெரும்பாலோருக்கும் இதே நிலைதான். ஆண்டுதோறும் புதுப்பிப்புக் கடிதம் வந்தபோது பிரீமியம் எவ்வளவு என்று பார்த்தேனே தவிர, ஒரு சதுர அடிக்கு எவ்வளவு கிடைக்கும் என்று நான் ஒருமுறைகூட வகுத்துப் பார்க்கவில்லை. தயவுசெய்து நீங்கள் இன்றே பாருங்கள். பாலிசியில் எழுதிய கட்டடத்தொகை போதாவிட்டால் அதற்கு மேல் கூடுதலாக ஒரு சதவீதம் தருவார்களா, புதிய கட்டட விதிகளால் வரும் செலவுக்குத் தனித்தொகை உண்டா என்பதையும் கேளுங்கள். தீக்குச் சற்று முன்புதான் எங்கள் நகரம் வீடுகளின் எரிசக்திச் சிக்கனத்துக்கான கடுமையான புதிய கட்டட விதிகளை ஏற்றிருந்தது. வீடிழந்தவர்கள் பழைய விதிப்படி கட்டலாம் என்று நகர மன்றம் பின்னர் அனுமதித்தது எங்களுக்குப் பெரிய ஆறுதல்.

இடிபாடுகளையும் சாம்பல் கலந்த மேல்மண்ணையும் அகற்ற, கவுண்டியின் பொதுத் திட்டத்தில் சேர்ந்தோம். அவர்கள் வருவதற்கு முன் ஒருமுறை முகமூடியும் கையுறையும் அணிந்து உள்ளே சென்றபோது, சமையலறை இருந்த இடத்தில் கிரைண்டரின் குழவிக்கல் மட்டும் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

இப்போது அதே மனையில் கட்டியிருக்கிறோம். சுவரிலிருந்து ஐந்தடிக்கு மரமோ செடியோ மண்ணை மூடப் பரப்பும் மரச்சீவலோ இல்லை, சரளைக்கல் மட்டும். காற்றுத்துளைகளில் மிக நெருக்கமான உலோக வலை பொருத்தியிருக்கிறோம். வேலி வீட்டைத் தொடும் கடைசிப் பகுதி உலோகத்தால் ஆனது. கிழக்குப் பக்கத்து வீட்டாரும் அப்படியே செய்துவிட்டார்கள். காற்று வரும் மேற்குப் பக்கத்து வேலி இன்னும் மரம்தான். செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொள்வது பற்றி அந்த வீட்டாரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.