கையெழுத்து இல்லாமல் கிடைக்கும் உரிமம்

“கையெழுத்துப் போட்டா நான் பொறுப்பு. போடாம விட்டா யாருமே பொறுப்பில்ல. அப்போ நான் ஏன் சார் போடணும்?”

தொழில் உரிம விதிகளின் திருத்த வரைவைப் பிரிவு பிரிவாகப் படித்துக்கொண்டிருந்தபோது மூத்த கள ஆய்வாளர் ஒருவர் இதைக் கேட்டார். முரண்டு பிடிப்பதற்காகக் கேட்கவில்லை, அவருக்கு உண்மையாகவே விடை தேவைப்பட்டது. முப்பது நாளுக்குள் முடிவு சொல்லாவிட்டால் அனுமதி வழங்கப்பட்டதாகக் கருதப்படும் என்ற பிரிவில் நின்றிருந்தோம். அந்தப் பிரிவு வேண்டும் என்று வாதாடினேன், இன்றும் என் கருத்து அதுதான். ஆனால் அன்று அவருக்குச் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

பிரிவின் நியாயம் எளிது. நிராகரித்தால் மேல்முறையீடு செய்யலாம். கிடப்பில் போட்ட கோப்பை எதிர்த்து எதைக் காட்டி முறையிடுவது? உத்தரவே இல்லையே. கடை வாடகை ஓடிக்கொண்டிருக்கும்போது மனுதாரருக்கு நிராகரிப்பைவிட மௌனம்தான் கொடிது. பிரான்சில் நிர்வாகம் குறிப்பிட்ட காலத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் மனு நிராகரிக்கப்பட்டதாகப் பொருள் என்பதே நெடுங்காலப் பொது விதியாக இருந்தது. 2013இல் சட்டம் அதைத் தலைகீழாக்கியது. 2014 நவம்பரிலிருந்து அரசுத் துறைகளில் மௌனம் சம்மதமானது. கூடவே மிக நீண்ட விதிவிலக்குப் பட்டியலும் வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006ஆம் ஆண்டுச் சேவைகள் நெறியாணையும் இதே விதியை வைத்து, பொதுநலன் கருதி விலக்கு அளிக்க இடம் விட்டிருக்கிறது. அந்த விலக்குகளைத் தயக்கத்தின் அடையாளம் என்று பலர் குறை சொல்வார்கள். ஆய்வாளரின் கேள்விக்குப் பிறகு நான் அவற்றை வேறு மாதிரி படிக்கிறேன்.

வரைவில் உண்மையான சண்டை நாள் கணக்கில்தான். முப்பது நாள் எப்போது தொடங்குகிறது? மனு வந்த நாளிலா, ஆவணங்கள் முழுமை என்று அலுவலகம் ஒப்புக்கொண்ட நாளிலா? இரண்டாவதை எழுதினால் அலுவலகம் ஒப்புக்கொள்ளவே செய்யாது, கெடுவும் தொடங்காது. ஆகவே ஒப்புகைச் சீட்டின் தேதியையே தொடக்கமாக வைக்க வேண்டும். அடுத்தது விளக்கம் கேட்பது. இருபத்தொன்பதாம் நாள் “வரைபடத்தில் அளவு தெளிவில்லை” என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் கணக்கு மறுபடி பூஜ்யத்துக்குப் போய்விடும். இதை அடைக்க மூன்று வரிகள் வேண்டும்: குறைகள் எல்லாவற்றையும் முதல் ஏழு நாளுக்குள் ஒரே தடவையில் சொல்ல வேண்டும், மனுதாரர் பதில் தரும்வரை நாள் கணக்கு நிற்கலாமே தவிர மறுபடி முதலிலிருந்து தொடங்கக் கூடாது, முதல் கடிதத்தில் கேட்காத ஆவணத்தைப் பிறகு காரணமாக்கி நிராகரிக்கக் கூடாது. இவற்றில் ஒன்று விட்டுப்போனாலும் கெடு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும்.

இன்னொன்று, கையில் என்ன தாள் இருக்கும் என்பது. சட்டப்படி அனுமதி கிடைத்துவிட்டது, சரி. கடன் தரும் வங்கியும் கட்டட உரிமையாளரும் மின் இணைப்பு அலுவலகமும் “உரிமத்தைக் காட்டுங்க” என்றுதான் கேட்பார்கள். கெடு முடிந்த மறுநாள் மென்பொருளே உரிம எண்ணும் சரிபார்ப்புக் குறியும் உள்ள சான்றிதழைத் தயாரிக்க வேண்டும். அதைப் பெற அதிகாரியின் ஒப்புதல் தேவை என்று வைத்தால், அவர் போடாத அதே கையெழுத்துக்காக மனுதாரர் மறுபடி வரிசையில் நிற்பார்.

கெடு தாண்டிய ஒவ்வொரு கோப்பும் பொறுப்பாளர் பெயரோடு மேலதிகாரிக்குப் போகும், ஆகவே போடாமல் விடுவதற்கும் பொறுப்பு உண்டு என்பதுதான் நான் அவருக்குச் சொன்ன பதில். அவர் சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “அப்படின்னா இருபத்தெட்டாம் நாள் எல்லாத்தையும் நிராகரிச்சிடுவாங்க சார்.” அது கற்பனை அல்ல, கடுமையான கெடு வைத்த இடங்களில் நடக்கக்கூடியதுதான். நிராகரித்த மனு திரும்ப வந்தால் புது மனுவாகக் கணக்கில் ஏறும், சராசரி நாள் அழகாகக் குறையும். அதனால் சராசரியை நான் நம்புவதில்லை. கடைசி மூன்று நாளில் எத்தனை முடிவுகள் எடுக்கப்பட்டன, அவற்றில் எத்தனை நிராகரிப்பு, அதே முகவரியிலிருந்து எத்தனை மனு திரும்ப வந்தது, இந்த மூன்றையும் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.

அவருடைய பயம் சோம்பலிலிருந்து வந்ததல்ல. அடித்தளத்தில் எரிவாயு உருளைகள், ஒரே வாசல், மேலே குடியிருப்பு என்று ஒரு இடம் அவர் பார்க்காமலே உரிமம் பெற்றுவிட்டால், அங்கே தீப்பிடிக்கிற அன்று பிரிவு எண்ணை யாரும் கேட்க மாட்டார்கள். இதற்கு விடை வகைப்பாட்டில் இருக்கிறது என்று அன்று நினைத்தேன். குறைந்த ஆபத்துள்ள தொழிலுக்கு உறுதிமொழி கொடுத்த அன்றே உரிமம், ஆய்வு பின்னால். உயர் ஆபத்துக்கு மௌன அனுமதியே கிடையாது. வகையைத் தொழிலின் பெயரை வைத்துப் பிரிக்காமல் பரப்பளவு, ஒரே நேரத்தில் கூடும் ஆட்கள், எரிபொருள், வேதிப்பொருள், கழிவுநீர், தளம் இவற்றை வைத்துப் பிரிக்க வேண்டும். அடுப்பு வைத்து ரொட்டி சுடும் இடமும், வாங்கி வந்து விற்கும் இடமும் ஒரே பெயரில் இருக்கலாம், ஆபத்து ஒன்றல்ல. சிகாகோ 2012இல் உரிம வகைகளை 117இலிருந்து 49ஆகக் குறைத்தது. நல்ல வேலை, வெளியில் சொல்வதற்கும் நல்ல எண். ஆனால் வகைகளைக் குறைப்பது வேறு, ஆபத்தைப் பிரித்துப் பார்ப்பது வேறு.

சிக்கல் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நடு வகையில் வந்து நிற்கிறது. ஒரு ஆய்வாளர் நாளுக்கு நான்கு இடம் பார்க்கிறார், மாதத்தில் இருபது வேலைநாள் என்று வைத்துக்கொண்டால் 80 ஆய்வு. மாதம் 120 கோப்பு வந்தால் 40 மிச்சம், அடுத்த மாதம் அதோடு இன்னொரு 40. அவர் எவ்வளவு நேர்மையாக ஓடினாலும் ஒரு பகுதி பார்க்கப்படாமலே உரிமம் பெறும். எது பார்க்கப்படும், எது விடுபடும் என்பதை ஆபத்து தீர்மானிக்கவில்லை, மனு வந்த வரிசை தீர்மானிக்கிறது. இதை யோசிக்கும்போதெல்லாம் அவர் பக்கம்தான் சாய்கிறேன். பிரிவை எடுத்துவிட்டால் அதே மிச்சக் கோப்புகள் பழையபடி கிடப்பில் கிடக்கும், யாரைப் பிடித்தால் நகரும் என்ற பேரம் தொடங்கும் என்று நினைக்கும்போது திரும்பவும் என் பக்கத்துக்கே வந்துவிடுகிறேன்.

நடு வகைக்கு மட்டும், கெடு முடிந்தால் முழு உரிமம் தராமல் தொண்ணூறு நாள் தற்காலிக உரிமம் தந்து, அந்த இடங்களை ஆய்வு வரிசையில் ஆபத்துப் புள்ளிப்படி முன்னால் தள்ளலாம் என்று இப்போது சொல்லிவருகிறேன். தற்காலிக உரிமத்தை நம்பி வங்கி கடன் தருமா என்பது ஒரு கேள்வி. தொண்ணூறாம் நாளும் யாரும் வராவிட்டால் என்ன எழுதுவது என்பது இன்னொன்று. அந்த இடத்தில் வரைவு இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.