கேப்பிட்டலிலிருந்து ஆர்.எஃப்.கே. மைதானம் வரை: வாஷிங்டனை வேறு தடத்தில் பார்க்க

வாஷிங்டனுக்குப் போகும் நம்மவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில் சுற்றிவிட்டுத் திரும்புகிறார்கள்: லிங்கன் நினைவகம், வெள்ளை மாளிகை வேலி, விண்வெளி அருங்காட்சியகம், கேப்பிட்டல் முன்னால் ஒரு செல்ஃபி. எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அமெரிக்க அரசியல் தரையில் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்லும் தடம் வேறு. முதல் நாள் காலை நாடாளுமன்றக் கட்டடமான கேப்பிட்டல், அன்று மாலை பேஸ்பால், மறுநாள் ஊரின் கிழக்கு ஓரத்தில் ஒரு பழைய ஸ்டேடியத்தின் நிலம், பிறகு சில தெருப் பலகைகள். கிட்டத்தட்ட ஏழு லட்சம் பேர் வாழும் ஓர் ஊர், தன் சொந்த மண்ணைப் பற்றி முடிவெடுக்க யார் யாரிடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது என்பது இந்த வரிசையில் பார்த்தால்தான் விளங்கும்.

கேப்பிட்டல் சுற்றுலாவுக்குக் கட்டணம் கிடையாது. திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் மாலை 4.30 வரை பார்வையாளர் மையம் திறந்திருக்கும்; நுழைவாயில் கட்டடத்தின் கிழக்குப் பக்கம், தரைக்குக் கீழே. ஆன்லைனில் முன்பதிவு செய்துவிடுவது நல்லது. வாசலில் பலர் மாட்டிக்கொள்வது தண்ணீர் பாட்டிலால். குடிநீர் உட்பட எந்தத் திரவமும், எந்தத் தின்பண்டமும் உள்ளே போகாது. 18 அங்குல அகலம், 14 அங்குல உயரம், 8.5 அங்குல ஆழத்துக்கு மேற்பட்ட பையும் போகாது. பையை வைத்துவிட்டுப் போக இடமும் இல்லை. பெரிய பையோடு வந்தவர் ஓட்டலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

உள்ளே கிரிப்ட் என்ற வட்டக் கூடத்தில் வழிகாட்டியின் பேச்சை ஒரு நிமிடம் விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். 40 மணற்கல் தூண்களுக்கு நடுவே ஒரு நட்சத்திரக் கல் பதித்திருக்கும். ஊரின் நான்கு பகுதிகளும் அந்தப் புள்ளியிலிருந்துதான் பிரிகின்றன: வடமேற்கு, வடகிழக்கு, தென்மேற்கு, தென்கிழக்கு. ஒரே பெயருள்ள தெரு இரண்டு, மூன்று, சில சமயம் நான்கு பகுதிகளிலும் இருக்கும். முகவரியின் கடைசியில் வரும் திசைக் குறியை விட்டுவிட்டு டாக்சி ஆப்பில் போட்டால், ஊரின் மறுகோடியில் இறங்கிவிடுவீர்கள்.

அடுத்து சிலைகள். 50 மாநிலங்களும் தலா இரண்டு சிலைகளை இந்தக் கட்டடத்துக்குத் தந்திருக்கின்றன. வாஷிங்டன் நகரம் ஒரு மாநிலமல்ல என்பதால் அதற்கு அந்த உரிமை கிடையாது. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்து பெரும் தலைவரான ஃபிரெட்ரிக் டக்ளஸ் இந்த ஊரில் வாழ்ந்தவர். அவர் சிலையை உள்ளே வைக்க அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் 2012ல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. 2013ல் திறந்த அந்தச் சிலை எமான்சிபேஷன் ஹாலில் நிற்கிறது. ஊரைத் திட்டமிட்ட லான்ஃபானின் சிலை 2022ல்தான் உள்ளே வந்தது.

சபைகள் நடப்பதைப் பார்க்க இந்தச் சுற்றுலா போதாது. கேலரி பாஸ் தனி. அமெரிக்கர்கள் தங்கள் உறுப்பினரின் அலுவலகத்தில் வாங்குவார்கள். வெளிநாட்டவர் பார்வையாளர் மையத்தின் மேல்தளத்தில் பிரதிநிதிகள் சபைக்கும் செனட்டுக்கும் தனித்தனியாக இருக்கும் மேசைகளில் பாஸ்போர்ட்டைக் காட்டிக் கேட்கலாம். கேலரிக்குள் போன், கேமரா எதுவும் கூடாது. செவ்வாய் முதல் வியாழன் வரை போங்கள். பிரதிநிதிகள் வாரத்தின் முதல் நாளில் மாலைதான் வந்து சேர்வார்கள், வியாழன் பிற்பகலோடு விமானம் ஏறிவிடுவார்கள். ஆகஸ்டில் ஊரிலேயே இருக்க மாட்டார்கள். கட்டடத்தின் தெற்குச் சிறகின் மேல் கொடி பறந்தால் பிரதிநிதிகள் சபை நடக்கிறது, வடக்குச் சிறகில் பறந்தால் செனட். இரவில் கூடினால் குவிமாடத்தின் உச்சியில் விளக்கு எரியும்.

கேலரிக்குப் போனவர்களில் பாதிப் பேர் ஏமாந்து வருவது ஏன் என்றால், ஓட்டெடுப்பு இல்லாத நேரத்தில் சபை காலியாகக் கிடக்கும். ஓர் உறுப்பினர் வெற்று நாற்காலிகளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருப்பார். செனட்டில் அதுவும் இருக்காது. எழுத்தர் ஒரு பெயரை வாசித்துவிட்டு வெகுநேரம் கழித்து அடுத்த பெயரை வாசிப்பார், பேரம் வேறு அறையில் நடக்கும். பிரதிநிதிகள் சபையில் ஓட்டெடுப்பு தொடங்கினால் காட்சியே மாறும். உறுப்பினர்கள் அட்டையைக் கருவியில் செருக, சபாநாயகர் இருக்கைக்கு மேலே உள்ள சுவரில் பெயர்கள் ஒளிர்ந்து, பக்கத்தில் பச்சையும் சிவப்பும் விழும். வழக்கமாக 15 நிமிடம் என்பார்கள், இழுத்துக்கொண்டே போகும்.

உலக விவகாரம் கேட்க வேண்டுமானால் குழுக் கூட்டங்களே மேல். பொதுமக்கள் பாஸ் இல்லாமலே போகலாம். செனட் வெளியுறவுக் குழு டர்க்சன் கட்டடம் 419ஆம் அறையில் கூடும். பிரதிநிதிகள் சபையின் வெளியுறவுக் குழுவுக்கு ரேபர்ன் கட்டடம் 2172. அமைச்சர் சாட்சி சொல்ல வருகிற நாளென்றால் ஒரு மணி நேரம் முன்பாகவே வரிசையில் நில்லுங்கள்.

அந்த ஓட்டுப் பலகையில் நீங்கள் நிற்கும் ஊருக்கு ஒரு பச்சையும் இல்லை, ஒரு சிவப்பும் இல்லை. 2020 கணக்கெடுப்பில் வாஷிங்டனில் 6,89,545 பேர். வயோமிங் மாநிலத்தில் 5,76,851 பேர். அதற்கு இரண்டு செனட்டர்கள், ஒரு பிரதிநிதி. வாஷிங்டனுக்குச் செனட்டர் கிடையாது. பிரதிநிதிகள் சபையில் ஒருவர் உண்டு. 1991 முதல் எலினர் ஹோம்ஸ் நார்ட்டன் அந்தப் பொறுப்பில் பேசினார், மசோதா கொண்டுவந்தார், குழுவில் ஓட்டுப் போட்டார். மசோதா சபையில் நிறைவேறும் கடைசி ஓட்டெடுப்பில் மட்டும் அந்தப் பதவிக்கு ஓட்டில்லை. ஓட்டில்லாத இன்னோர் அமெரிக்கப் பகுதியான போர்ட்டோ ரிக்கோவின் மக்கள் பெரும்பாலும் ஃபெடரல் வருமான வரி கட்டுவதில்லை. வாஷிங்டன்வாசிகள் மற்ற மாநிலத்தவர் போலவே முழுசாகக் கட்டுகிறார்கள்.

எதிர்வாதம் உண்டு. தலைநகர் எந்த மாநிலத்தின் கையிலும் இருக்கக் கூடாது என்பது அரசியல் சட்டத்தை எழுதியவர்களின் எண்ணம். 1783ல் பிலடெல்பியாவில் சம்பளம் கேட்டுப் படைவீரர்கள் காங்கிரசைச் சூழ்ந்தபோது மாநில அரசு காப்பாற்ற வரவில்லை என்ற கசப்பு அதன் பின்னால் இருந்தது. இந்த ஊர் 90 சதவீதம் ஜனநாயகக் கட்சிக்கே ஓட்டுப் போடும் என்பதால் குடியரசுக் கட்சி மாநில அந்தஸ்தை விரும்பாது என்பதும் வெளிப்படை. கேப்பிட்டலும் வெள்ளை மாளிகையும் இருக்கும் சிறு பகுதியை மட்டும் தலைநகராக வைத்துக்கொண்டு மற்றதை மாநிலமாக்கும் மசோதா 2020லும் 2021லும் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, அதோடு நின்றுவிட்டது. அதுதான் சரியான வழி என்று நான் நினைக்கிறேன். எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவார்கள் என்பதை வைத்து ஒருவருக்கு ஓட்டு உண்டா இல்லையா என்று தீர்மானிப்பது குடியாட்சி ஆகாது.

இந்தக் குறை ஏட்டளவில் நிற்பதில்லை. 2021 ஜனவரி 6 அன்று கேப்பிட்டல் தாக்கப்பட்டபோது, மாநில ஆளுநரைப் போலத் தேசியக் காவல்படையைத் தானே இறக்கும் அதிகாரம் மேயருக்கு இல்லை. வாஷிங்டனின் படை அதிபரின் கீழ் இருக்கிறது. 2025 மார்ச்சில் காங்கிரஸ் நிறைவேற்றிய செலவுச் சட்டத்தில், ஊர் தன் சொந்த வரிப்பணத்தைச் செலவழிக்க வழக்கமாகச் சேர்க்கும் வாசகம் விடுபட்டதால், நிதியாண்டின் நடுவில் சுமார் 100 கோடி டாலருக்கு ஓட்டை விழுந்தது. செனட் அதைச் சரிசெய்ய மசோதா நிறைவேற்றியும் பிரதிநிதிகள் சபை எடுத்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் அதிபர் டிரம்ப் ஊர்க் காவல்துறையை 30 நாள் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார்.

மாலை பேஸ்பாலுக்குக் கேப்பிட்டலிலிருந்து நடந்தே போகலாம். நியூ ஜெர்சி அவென்யூவில் தென்கிழக்காக அரை மணி நேரம். மெட்ரோவென்றால் கேப்பிட்டல் சவுத்தில் ஏறி, லான்ஃபான் பிளாசாவில் பச்சைத் தடத்துக்கு மாறி, நேவி யார்ட் நிலையத்தில் இறங்க வேண்டும். மாறும் நேரத்தைச் சேர்த்தால் நடைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. பேங்க் கார்டையே மெட்ரோ வாசலில் தட்டி உள்ளே போகலாம், தனிக் கார்டு வாங்கத் தேவையில்லை. நேஷனல்ஸ் பார்க்கில் காகித டிக்கெட் கிடையாது, போனில்தான். சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதுகுப்பைக்கு அனுமதியில்லை. பகலாட்டம் என்றால் மூன்றாம் பேஸ் பக்கத்து இருக்கைகளை எடுங்கள். அது மேற்குப் பக்கம் என்பதால் நிழல் அங்கேதான் முதலில் விழும். ஜூலையில் இந்த ஊரின் புழுக்கம் சென்னைக்குச் சளைத்ததல்ல.

ஒன்பது இன்னிங்ஸ், ஒரு பக்கத்துக்கு மூன்று அவுட் என்று தெரிந்தால் போதும், ஆட்டம் புரிந்துவிடும். பந்து வீசுபவருக்கு 2023 முதல் கடிகாரம் வைத்துவிட்டதால், முன்பு மூன்று மணி நேரத்தைத் தாண்டிய ஆட்டம் இப்போது அதற்குள் முடிகிறது. நான்காம் இன்னிங்ஸின் நடுவே கழிவறைக்குப் போய்விடாதீர்கள். அப்போதுதான் வாஷிங்டன், ஜெஃபர்சன், லிங்கன், டெடி ரூஸ்வெல்ட் பொம்மைத் தலைகளை மாட்டிக்கொண்டு நால்வர் ஓடுவார்கள். 2012 அக்டோபர் வரை டெடி ஒருமுறைகூட ஜெயித்ததில்லை, ஊரே அவருக்காகக் கத்தும். கோடையில் போகிறவர்கள் காங்கிரஸ் பேஸ்பால் ஆட்டத்தின் தேதியையும் பாருங்கள். இரு கட்சி உறுப்பினர்களும் 1909ல் தொடங்கிய அந்தப் போட்டியை இங்கே ஆடுகிறார்கள், டிக்கெட் எவரும் வாங்கலாம். 2017ல் பயிற்சியின்போது ஒருவன் சுட்டதில் குடியரசுக் கட்சிப் பிரதிநிதி ஸ்டீவ் ஸ்கலீஸ் உயிருக்குப் போராடினார். மறுநாளே இரு அணியும் களமிறங்கின.

இந்த ஸ்டேடியத்தைக் கட்டிய பணம் ஊருடையது. 1960க்குப் பிறகு ஒரு அணி மின்னசோட்டாவுக்கும், 1971க்குப் பிறகு இன்னொன்று டெக்சாஸுக்கும் போய்விட, 33 சீசன் இங்கே பெரிய பேஸ்பாலே இல்லை. மான்ட்ரியல் அணியை 2005ல் கொண்டுவர, புது ஸ்டேடியம் கட்டித் தருவதுதான் லீக் வைத்த நிபந்தனை. 60 கோடி டாலருக்கு மேல் செலவான அதை 2008ல் திறந்தார்கள். ஆண்டுக்கு 50 லட்சம் டாலருக்கு மேல் வியாபாரம் செய்யும் நிறுவனங்களிடம் தனிக் கட்டணம், வணிகக் கட்டடங்களின் மின்சார, எரிவாயு பில்லில் ஒரு வரி, டிக்கெட்டில் வரி என்று கடனை அடைக்க வழி செய்தார்கள். சுற்றிலும் அடுக்குமாடிகளும் உணவகங்களும் எழுந்தது உண்மை. ஆனாலும் ஸ்டேடியத்துக்குப் போட்ட பொதுப்பணம் திரும்பி வருவதில்லை என்பதில் பொருளாதார வல்லுநர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. பள்ளிக்கும் வீட்டுக்கும் போக வேண்டிய பணம் கோடீஸ்வர உரிமையாளருக்குப் போவதை என்னால் ஆதரிக்க முடியாது.

மறுநாள் நீலம், ஆரஞ்சு, வெள்ளி மூன்றில் ஏதாவது ஒரு தடத்தில் ஸ்டேடியம்–ஆர்மரி நிலையத்துக்குப் போங்கள். 1961ல் திறந்த ஆர்.எஃப்.கே. (ராபர்ட் எஃப். கென்னடி) மைதானத்தை 2025ல் இடிக்கத் தொடங்கினார்கள். கண்ணுக்கு வேலியும் கட்டுமானமும்தான் கிடைக்கும். ஆனால் நடந்த கதைக்காகவே போகலாம். அந்த நிலம் ஃபெடரல் அரசுடையது. அன்று இங்கே ஆடிய அமெரிக்கக் கால்பந்து அணிதான் லீக்கில் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத கடைசி அணி. உரிமையாளர் ஜார்ஜ் பிரஸ்டன் மார்ஷல் அசையவில்லை. கென்னடியின் உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் யுடால், நிலம் எங்களுடையது, பாகுபாடு காட்டினால் இங்கே ஆட முடியாது என்று நெருக்கினார். 1962ல் பாபி மிட்செல் அணிக்கு வந்தார்.

அணி 1997ல் மேரிலாந்தின் லேண்டோவருக்குப் போனது. பூர்வகுடிகளை இழிவுபடுத்தும் பழைய பெயரை 2020ல் கைவிட்டு, 2022ல் கமாண்டர்ஸ் ஆனது. இப்போது ஆட்டம் பார்க்க மார்கன் பூலவார்டு நிலையத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். திங்கள், வியாழன் இரவு ஆட்டங்கள் பதினொன்றரைக்கு முடிந்தால் நள்ளிரவுக் கடைசி ரயிலைப் பிடிக்க ஓடத்தான் வேண்டும். பழைய நிலத்தின் கட்டுப்பாட்டை 99 ஆண்டுக்கு ஊருக்குத் தரும் சட்டத்தில் 2025 ஜனவரியில் பைடன் கையெழுத்திட்டார். அந்த ஜூலையில் டிரம்ப், பழைய பெயரை மீட்காவிட்டால் ஸ்டேடியத்தைத் தடுப்பேன் என்றார். செப்டம்பரில் ஊர்மன்றம் 11க்கு 2 என்ற கணக்கில் திட்டத்தை நிறைவேற்றியது. 2030ல் திறப்பதாகத் திட்டம். ஊரின் பங்கு 100 கோடி டாலர் அளவுக்குப் போகிறது.

யுடால் செய்தது நியாயம். டிரம்ப் கேட்டது அநியாயம். ஆனால் இரண்டு முறையும் நெம்புகோல் ஒன்றே; இரண்டு முறையும் ஊர்க்காரர்களை யாரும் கேட்கவில்லை. ஸ்டேடியத்துக்குப் பணம் தருவது தவறு என்று நான் நினைத்தாலும், அந்தத் தவறைச் செய்யவோ தவிர்க்கவோ உரிமை அவர்களுடையது.

மீதி நேரத்தில் தெருப் பலகைகள். ஃபாகி பாட்டம் நிலையத்திலிருந்து நடந்தால் நியூ ஹாம்ப்ஷயர் அவென்யூவில் சவுதி தூதரகம். அதன் முன்னால், கொல்லப்பட்ட சவுதி பத்திரிகையாளர் ஜமால் கஷோகி பெயரில் ஊர்மன்றம் 2022 ஜூனில் பலகை நட்டது. மறு மாதம் பைடன் ஜெத்தாவில் இளவரசர் முகம்மது பின் சல்மானோடு முஷ்டி தட்டிக்கொண்டார். விஸ்கான்சின் அவென்யூவில் ரஷ்யத் தூதரகத்தின் முன்புறம், கிரெம்ளின் அருகே சுட்டுக் கொல்லப்பட்ட ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் போரிஸ் நெம்ட்சோவின் பெயரை 2018ல் வைத்தார்கள். அங்கே மெட்ரோ கிடையாது, பேருந்துதான். வெளியுறவில் ஓட்டில்லாத ஊர், தன் கையில் இருந்த தெருப்பலகையைப் பேச வைத்திருக்கிறது. அந்த அதிகாரமும் எத்தனை தூரம் என்பது வெள்ளை மாளிகைக்கு வடக்கே 16ஆம் தெருவில் தெரியும். கறுப்பின உயிர்களுக்காக 2020 ஜூனில் ‘பிளாக் லைவ்ஸ் மேட்டர்’ என்று மஞ்சள் பெயின்ட்டில் எழுதிய பெரிய எழுத்துக்களை, நிதியை நிறுத்துவோம் என்று காங்கிரசில் மசோதா வந்ததும், 2025 மார்ச்சில் ஊர் நிர்வாகமே பெயர்த்து எடுத்தது. இப்போது போனால் சாதாரணத் தார்ச்சாலைதான். லஃபாயெட் சதுக்கத்திலிருந்து வடக்கே இரண்டு பிளாக் அது இருந்த இடம்.