எஃப் போடாமல் பிஎச் ஏன்?

"மீன் பிடிக்கதுக்கு எஃப்தானல போடணும், பிஎச் போட்டு எழுதியிருக்காங்க?" என்று பெரியப்பா புகார்த் தாளில் இருந்த 'ஃபிஷிங்' (phishing) என்ற சொல்லைக் காட்டிக் கேட்டார். போலிச் செய்தி அனுப்பிப் பாஸ்வேர்டையோ பணத்தையோ பறிக்கும் மோசடிக்கு அதுதான் பெயர். சேரன்மகாதேவியில் முப்பது வருஷம் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்தவர். அதற்கு முந்தின நாள்தான் அவர் கணக்கிலிருந்து 48,000 ரூபாய் போயிருந்தது.

அந்த பிஎச் டெலிபோனில் இருந்து வந்தது. 1960, 70களில் அமெரிக்காவில் 2600 ஹெர்ட்ஸ் ஒலியைப் போனுக்குள் கொடுத்து, இணைப்பகத்தை ஏமாற்றி, காசில்லாமல் வெளியூருக்குப் பேசியவர்கள் இருந்தார்கள் (தானியப் பாக்கெட்டோடு இலவசமாக வந்த ஒரு பொம்மை விசிலே அந்த ஒலியைத் தந்ததாம்). கிறுக்கு என்று பொருள்படும் 'ஃப்ரீக்' என்ற சொல்லை போனின் பிஎச் போட்டு எழுதித் தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் 1990களின் நடுவில், ஏஓஎல் இணையச் சேவையில் நிறுவன ஊழியர் மாதிரி நடித்து "கணக்கைச் சரிபார்க்கணும், பாஸ்வேர்டு கொடுங்கள்" என்று கேட்டவர்கள் தங்கள் வேலையை மீன்பிடிப்பு என்றார்கள், எழுத்தை மட்டும் அந்தப் பழைய கூட்டத்திடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்தச் செய்திகளை அனுப்பித் தள்ளும் வசதியோடு ஏஓஹெல் என்று ஒரு மென்பொருளும் இருந்தது.

எனக்கு நம் சொல்தான் இன்னும் சரியாகப் படுகிறது. தூண்டில். அதற்குள்ளேயே 'தூண்டு' இருக்கிறது. தாமிரபரணியில் எனக்குத் தூண்டில் போடக் கற்றுக்கொடுத்தவரே பெரியப்பாதான். மீனைத் துரத்தாதே, மண்புழுவைக் கோத்துப் போட்டுவிட்டுத் தக்கையை மட்டும் பார்த்துக்கொண்டிரு என்பார். மீனுக்குத் தூண்டுவது பசியை.

பெரியப்பாவுக்கு வந்த எஸ்எம்எஸ்ஸில் இருந்தது, கரண்ட் பில் கட்டவில்லை, இன்று ராத்திரி லைன் கட் ஆகும் என்பது. உள்ளறையில் பெரியம்மா ஆக்சிஜன் மெஷினில் படுத்திருக்கிறாள். அவர் அந்த நம்பருக்குக் கூப்பிடாமல் என்ன செய்வார்? அவன் சொன்ன ஆப்பை இறக்கினார், பத்து ரூபாய் மட்டும் கட்டிப் பாருங்கள் என்றான், கட்டினார், அதோடு அந்த 48,000 ரூபாயும் போனது.

"படிச்ச மனுசன் இப்படி ஏமாறலாமா" என்று வந்துபோகிற சொந்தக்காரர்கள் அவர் காதுபடவே பேசுகிறார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அன்றிரவே இணையப் பண மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிட்டோம். 18,000 ரூபாயை நிறுத்திவைத்திருக்கிறார்கள், மீதி கிடைக்கவில்லை. பிஎச் கதையைச் சொன்னதும் பெரியப்பா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, தாளின் ஓரத்தில் பென்சிலால் 'தூண்டில்' என்று எழுதி மடித்து வைத்தார்.