மேனேஜ்மெண்ட் விஆர்எஃப்புக்கு யார் கையெழுத்துப் போட்டது?

கஸ்டமர்களின் கிளைகளை நெட்வொர்க்கில் இணைத்துக் கொடுப்பது எங்கள் கம்பெனியின் வேலை. ஆஸ்பத்திரி ஒரு விபிஎன், அதாவது தனியாகப் பிரித்த ஒரு நெட்வொர்க், லேப் இன்னொரு விபிஎன், இரண்டும் எல்லோருக்கும் பொதுவான எங்கள் எம்பிஎல்எஸ் நெட்வொர்க்கில்தான் ஓடுகின்றன. ஒவ்வொரு விபிஎன்னுக்கும் எங்கள் ரூட்டரில் விஆர்எஃப் என்று ஒரு தனி ரூட் டேபிள் உண்டு. லேபின் ரிப்போர்ட் சர்வரை ஆஸ்பத்திரிக் கிளைகள் எட்ட வேண்டும், கேட்டது அவ்வளவுதான். இன்றைக்கே போட முடியுமா என்றார் அக்கவுண்ட் மேனேஜர். முடியாது, இரண்டு பக்கமிருந்தும் மெயிலில் சம்மதம் வரட்டும் என்றேன்.

"தம்பி, ரெண்டு பக்கமும் ஆளுக்கொரு ரூட் டார்கெட் இம்போர்ட். ஒரு வரி வேலை. இதுக்குப் போய் மெயிலா?"

அவர் முன்பு ரூட்டரில் வேலை பார்த்தவர், விஷயம் தெரியாமல் பேசவில்லை. ரூட் டார்கெட் என்பது ரூட்டில் ஒட்டும் ஒரு சீட்டு. ஒட்டி வெளியே விடுவது எக்ஸ்போர்ட், அந்தச் சீட்டு உள்ள ரூட்டுகளை உள்ளே எடுப்பது இம்போர்ட். ஒரு வரிதான். ஆனால் அந்த ஒரு வரியில் லேபின் ரூட்டுகள் மொத்தமும் ஆஸ்பத்திரிக்குள் வந்துவிடும், சர்வர் மட்டும் வராது. லேபின் ரூட்டர் எங்களுக்கு 10.0.0.0/8, அதாவது 10-இல் தொடங்கும் முகவரிகள் எல்லாம் தன் பக்கம் என்று ஒட்டுமொத்தமாக அறிவித்துக்கொண்டிருந்தது. அதே லேப் ஏற்கெனவே இன்னொரு ஆஸ்பத்திரியோடும் இணைந்திருந்தது. இம்போர்ட் ஆன ரூட் மறுபடி எக்ஸ்போர்ட் ஆகாது, அதனால் இரண்டு ஆஸ்பத்திரிகளும் ஒன்றையொன்று பார்க்க முடியாது என்றுதான் எல்லோரும் சொல்வோம். ரூட் டேபிளைப் பார்த்தால் அது உண்மை. பாக்கெட்டுக்கு அது போதாது. முதல் ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பும் பாக்கெட் அந்த /8-ஐப் பிடித்துக்கொண்டு லேபின் ரூட்டருக்குப் போகும், அதற்கு இரண்டாவது ஆஸ்பத்திரியின் வழி தெரியும், திருப்பி எங்களிடமே அனுப்பும், நாங்களும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்ப்போம். நடுவில் ஃபயர்வால் கிடையாது. இது போதாதென்று இரண்டு ஆஸ்பத்திரிகளிலும் 192.168.1.0/24 என்ற ஒரே முகவரித் தொகுதி இருந்தது. ஒரே முகவரிகளை வேறுபடுத்திக் காட்ட ரூட்டின் முன்னால் சேர்க்கும் ரூட் டிஸ்டிங்விஷர் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். அது ரூட்டர்கள் ரூட்டுகளைப் பரிமாறிக்கொள்ளும் எங்கள் பிஜிபிக்குள் இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கும், சரி. லேபின் விஆர்எஃப்புக்குள் இரண்டும் வந்து விழுந்தபின் ஒன்றுதான் ஜெயிக்கும், சர்வரின் பதில் எந்த ஆஸ்பத்திரிக்குப் போகும் என்பதை பிஜிபி தீர்மானிக்கும்.

இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். அப்புறம் எக்ஸ்போர்ட் மேப் (எந்த ரூட் வெளியே போகலாம் என்ற வடிகட்டி) போட்டு சர்வரின் /32-ஐ, அந்த ஒரே முகவரியை, மட்டும் தனி ரூட் டார்கெட்டில் வெளியே விடு, அந்தப் பக்கமும் தேவையான சப்நெட்டை மட்டும் விடு, மோதுகிற இடத்தில் நாட் (முகவரியை மாற்றிவிடுவது) போடு, இன்றைக்கே முடியும்தானே என்றார். முடியும். ஆனாலும் மெயில் வேண்டும் என்றேன். அப்போதுதான் கேட்டார்:

"நம்ம மேனேஜ்மெண்ட் விஆர்எஃப்ல எல்லாக் கஸ்டமரும் இருக்காங்களே, அதுக்கு யார்கிட்ட கையெழுத்து வாங்கினோம்?"

எனக்குப் பதில் வரவில்லை. அவர் சொன்னது நிஜம். கண்காணிப்புக்காக ஒவ்வொரு வாடிக்கையாளரின் விஆர்எஃப்பிலிருந்தும் அவர்கள் ரூட்டரின் லூப்பேக்கை, அதாவது அந்த ரூட்டரைக் குறிக்கும் ஒற்றை முகவரியை, எங்கள் மேனேஜ்மெண்ட் விஆர்எஃப்புக்கு இழுத்துக்கொள்கிறோம், எங்கள் சர்வர்களின் ரூட்டை அவர்களுக்குள் விடுகிறோம். அது லூப்பேக் மட்டும்தானே, அதுவும் எக்ஸ்போர்ட் மேப்பில் வடிகட்டித்தானே என்று இழுத்தேன். "இதுவும் அப்படித்தானே?" என்றார்.

என் பக்க நியாயத்தை நான் இப்போதும் விடவில்லை. ஆர்எஃப்சி 4364 என்ற தரநிலைப்படி கட்டிய இந்த மாதிரி விபிஎன்னில் குறியாக்கம் கிடையாது. பிரிவினை என்பது முழுக்க எங்கள் கான்ஃபிகரேஷன்தான். எந்த ரூட் டார்கெட்டை எங்கே இம்போர்ட் செய்கிறோம் என்று வாடிக்கையாளர் பார்க்க அவரிடம் எந்த வழியும் இல்லை, எங்களை நம்புகிறார், அவ்வளவுதான். பார்க்க முடியாதவருக்குச் சொல்லிவிட்டாவது செய்ய வேண்டாமா? ஆனால் இதே வாதம் மேனேஜ்மெண்ட் விஆர்எஃப்புக்கும் அப்படியே பொருந்துகிறது. அங்கேதான் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறேன்.

லேபில் சம்மதம் தர வேண்டியவர் ஊரில் இல்லை, மெயில் வர நாளாகிவிட்டது. அதுவரை ரிப்போர்ட்டுகளைப் பிரிண்ட் எடுத்து ஒரு பையன் பைக்கில் கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியின் ஐடியைப் பார்த்துக்கொள்ளும் மேடம் ஒருமுறை போன் செய்தார், பின்னால் டோக்கன் நம்பர் கூப்பிடும் சத்தம் கேட்டது. கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. "சார், நீங்க சொல்றது புரியுது. இங்க உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல" என்றார். அந்த /32-ஐ அன்றைக்கே விட்டிருந்தால் யாருக்கு என்ன கெட்டுப்போயிருக்கும் என்று பல தடவை யோசித்துவிட்டேன். ஒன்றும் கெட்டிருக்காது என்றுதான் தோன்றுகிறது. ஆனால் ஒன்றும் ஆகாது என்று நான் தனியாக முடிவு செய்கிற பழக்கம் வந்துவிட்டால் அடுத்தது /24, அதற்கடுத்தது முழு ரூட் டார்கெட், ராத்திரி ஷிஃப்டில் அவசரத்தில் ஒருவர் போட்ட இம்போர்ட்டை யாரும் திரும்ப எடுக்க மாட்டார்கள். அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் வரிகளை வாடிக்கையாளர்களை இணைக்கும் எங்கள் பிஇ ரூட்டர்களிலேயே பார்த்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் இப்படிக் கோரிக்கை வந்தால் எக்ஸ்போர்ட் மேப்பை முதலிலேயே எழுதித் தயாராக வைத்துவிடுகிறேன், மெயில் வந்ததும் போட்டுவிடலாம். மெயில் வராமல் போட்டதில்லை. மேனேஜ்மெண்ட் விஆர்எஃப் பற்றியும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். வேண்டாம், கஸ்டமர் வீணாகப் பயந்துவிடுவார் என்று அந்த அக்கவுண்ட் மேனேஜர்தான் சொல்கிறார்.