போர்டு தூங்கும்போது மட்டும் தொலையும் இன்டரப்ட்

சென்சார் விட்ட பல்ஸ் லாஜிக் அனலைசரில் பளிச்சென்று தெரிகிறது. அது எழுப்ப வேண்டிய இன்டரப்ட், அதாவது ப்ராசஸரின் கவனத்தை இழுக்கும் சிக்னல், லினக்ஸ் கர்னலின் கணக்கில் மட்டும் ஏறவில்லை. அதுவும் ஆர்ம் போர்டைச் சும்மா விட்டுவைத்தால்தான். சீரியல் கன்சோலில் ஒரு கட்டளை தட்டினால் போதும், எல்லாம் ஒழுங்காகிவிடும். ஆள் பார்க்கும்போது நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளும் கோளாறு என்றால் முதல் சந்தேகம் சிபியு ஐடில் (வேலையில்லாத நேரத்தில் ப்ராசஸர் எடுக்கும் தூக்கம்) மேல்தான் போக வேண்டும். டிரைவர் கோடை வரிவரியாகப் படிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அளக்கும் இடத்திலேயே ஏமாற நிறைய வழி இருக்கிறது. ப்ராக் அடைவின் இன்டரப்ட் பட்டியலை இடைவிடாமல் அச்சிட்டுக்கொண்டிருந்தால் ப்ராசஸர் கோர் ஆழமாகத் தூங்கப் போவதே அரிதாகிவிடும். ஒருமுறை எண்ணிக்கையை எடுத்து, 600 நொடி சும்மா இருந்து, மறுபடி எடுக்கும் ஸ்கிரிப்ட் போதும். அதை ஓடவிட்டு நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். லேட்டன்சியை (எழுந்து வேலையைத் தொடங்க ஆகும் தாமதம்) அளக்கும் சைக்ளிக்டெஸ்ட் இன்னும் பெரிய கண்கட்டு. அது தொடங்கும்போதே டெவ் அடைவிலுள்ள சிபியு டிஎம்ஏ லேட்டன்சி கோப்பைத் திறந்து 0, அதாவது தாமதமே கூடாது, என்று எழுதி, முடியும்வரை பிடித்துக்கொள்ளும். லேட்டன்சி பிரமாதம் என்று அறிக்கை வரும். நாம் தேடும் ஐடில் நிலைக்குள் கோர் ஒரு தடவைகூடப் போயிருக்காது. லேப்டாப் ஆப்ஷனோடு ஓட்டினால் அந்தக் கோப்பைத் தொடாது.

எந்த நிலை குற்றவாளி என்று கண்டுபிடிப்பது சுலபம். ஒவ்வொரு கோருக்கும் சிஸ்எஃப்எஸ்ஸில் (கர்னல் அமைப்புகளைக் கோப்புகளாகக் காட்டும் இடம்) சிபியுஐடில் அடைவு இருக்கிறது. அதில் ஆழமான நிலையிலிருந்து தொடங்கி டிஸேபிள் கோப்பில் 1 எழுதிக்கொண்டே வாருங்கள். இங்கே ஒரு நல்ல துப்பு கிடைக்கும்: ஒரே ஒரு கோரில் மட்டும் தடுத்தாலே கோளாறு நின்றுவிட்டால், பிரச்சினை கோர் அளவில் இல்லை, கிளஸ்டர் (சேர்ந்து பவர் பெறும் கோர்களின் கூட்டம்) அளவில். எல்லாக் கோர்களும் ஒத்துக்கொண்டால்தான் கிளஸ்டர் பவர் போகும். எங்கள் போர்டில் அதுதான் நடந்தது. கிளஸ்டரோடு ஜிபிஐஓ பிளாக்கின், அதாவது சென்சார் பின்னைக் கவனிக்கும் பகுதியின், கிளாக்கும் நின்றுவிடும்; அந்த நேரத்தில் வந்துபோகும் 50 மைக்ரோசெகண்ட் பல்ஸைப் பார்க்க அங்கே யாரும் இல்லை.

சிப் நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கு அலைவடிவப் படம், டிவைஸ் ட்ரீ (போர்டின் வன்பொருளைக் கர்னலுக்கு விவரிக்கும் கோப்பு) எல்லாம் சேர்த்து எழுதியதற்கு வந்த பதில் ஒரே வரி: பூட் வரியில் சிபியுஐடிலை ஆஃப் செய்யுங்கள். பேட்டரியில் ஓடும் கருவிக்கு இந்த யோசனை! எக்ஸ்86 பக்கம் இருப்பவர்களுக்கும் இதே ரகத்தில் ஒரு பொறி உண்டு. இன்டெல் ஐடில் டிரைவரின் மேக்ஸ் சிஸ்டேட்டை (தூக்க ஆழத்தின் வரம்பு) 0 ஆக்கினால் ஆழ்ந்த தூக்கம் நிற்காது. அந்த டிரைவர் மட்டும் விலகிக்கொள்ளும், ஏசிபிஐ டிரைவர் வந்து தன் பங்குக்குத் தூங்கவைக்கும். ப்ராசஸர் மேக்ஸ் சிஸ்டேட்டையும் 1 ஆக்க வேண்டும்.

அடுத்து எல்லோரும் சொல்லும் யோசனை, டிரைவரில் எனேபிள் ஐஆர்க்யூ வேக் அழைப்பைச் சேர்ப்பது. சேர்த்தாலும் மாற்றம் இருக்காது. அது முழு சிஸ்டம் சஸ்பெண்டுக்கான ஏற்பாடு. ஓடிக்கொண்டிருக்கும் கணினி இடையில் எடுக்கும் ஐடில் தூக்கத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நோ சஸ்பெண்ட் என்ற கொடியும் அப்படித்தான்.

உண்மையில் வேலை செய்தது இரண்டு மாற்றங்கள் சேர்ந்து. முதலாவது, எட்ஜை (சிக்னல் மாறும் கணம்) விட்டு லெவலுக்கு (சிக்னல் நிற்கும் நிலை) மாறியது. சென்சாரின் இன்டரப்ட் ரிஜிஸ்டரில் லாட்ச் வசதி இருந்தால் அதைப் போட்டுவிடுங்கள். ஸ்டேட்டஸைப் படிக்கும்வரை கோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கும், கிளாக் திரும்பிய பிறகும் செய்தி அப்படியே இருக்கும். த்ரெட் ஹேண்ட்லர் மட்டும் வைத்திருந்தால், அது முடியும்வரை இன்டரப்டை மூடிவைக்கும் ஒன்ஷாட் கொடி கட்டாயம். இல்லாவிட்டால் கர்னல் பதிவையே மறுத்துவிடும். ஆனால் லெவல் மட்டும் போதாது: இன்டரப்ட் தொலையாதே தவிர, வேறு ஏதாவது வந்து கோரை எழுப்பும்வரை காத்துக் கிடக்கும். எனவே அந்தப் பின் எப்போதும் பவரில் இருக்கும் விழிப்புக் கன்ட்ரோலருக்கும் போய்ச் சேர வேண்டும். சில சிப்களில் ஜிபிஐஓ நோடில் வேக்கப்-பேரன்ட் என்ற ஒரு வரிதான் இதைச் செய்கிறது. எல்லாப் பின்களுக்கும் அந்த இணைப்பு இருக்காது; பின் அட்டவணையை போர்டு வரையும் முன்பே பாருங்கள்.

பின்னை மாற்ற முடியாத போர்டில், சென்சார் இயங்கும் நேரத்துக்கு மட்டும் டிரைவரிலிருந்து லேட்டன்சி க்யூஓஎஸ் கோரிக்கை (இவ்வளவுக்கு மேல் தாமதம் கூடாது என்ற வரம்பு) வைக்கலாம். இங்கே எண்ணைக் கவனிக்க வேண்டும். டிவைஸ் ட்ரீயில் என்ட்ரி 250, எக்ஸிட் 700 மைக்ரோசெகண்ட் என்று இருந்து, வேக்கப் லேட்டன்சி தனியாகக் கொடுக்கப்படாவிட்டால் கர்னல் இரண்டையும் கூட்டி 950 என்று வைத்துக்கொள்ளும். வரம்பு 800 என்றால் அந்த நிலை கழிந்துவிடும். 1000 என்றால் கழியாது. ஷெல்லில் எக்கோ வைத்து சிபியு டிஎம்ஏ லேட்டன்சி கோப்பில் எழுதிச் சோதிப்பதில் பயனில்லை. கோப்பு மூடியதுமே கோரிக்கையும் போய்விடும்.

இதைத் தேடப் போய் இன்னொரு பூதமும் கிளம்பியது: எப்போதாவது போர்டு முழுதும் உறைந்து, ஏதாவது பட்டனைத் தொட்டால் மட்டும் உயிர் வருவது, பின்னாலேயே ஆர்சியு ஸ்டால் (ஒரு கோர் நெடுநேரம் அசையவில்லை என்ற கர்னல் புகார்) எச்சரிக்கை. ஆழ்ந்த நிலையில் கோரின் சொந்த டைமர் நின்றுவிடுகிறது என்பதற்கான அடையாளம் இது. ஐடில் நிலை நோடில் லோக்கல்-டைமர்-ஸ்டாப் இருந்தால் கர்னல் அந்த வேலையைத் தூங்காத பொது டைமரான பிராட்காஸ்ட் டைமருக்கு மாற்றிவிடும். அந்த வரி சரியாகவே இருந்தது! கெடுத்தது டைமர் நோடில் யாரோ ஒட்டியிருந்த ஆல்வேஸ்-ஆன். டைமர் ஒருபோதும் நிற்காது என்று அது உறுதி கொடுத்துவிடுவதால், கர்னல் பிராட்காஸ்ட் பக்கமே போவதில்லை. அந்த ஒரு வரியை நீக்கியதும் உறைவது நின்றது.

கோரைத் தூங்கவைக்கக் கர்னல் ஃபர்ம்வேரை அழைக்கும் இடைமுகம் பிஎஸ்சிஐ; அதன் சஸ்பெண்ட் அளவுருவின் 16-ஆம் பிட்டையும் (விரிந்த வடிவமானால் 30-ஆம் பிட்) ஒரு கண் பார்த்துவிடுங்கள். அது 0 என்றால் கோர் நிலை அழியாது என்று நம்பி கர்னல் எதையும் சேமிக்காமல் ஃபர்ம்வேரை அழைக்கும். ஃபர்ம்வேர் அதை ஏற்று நிஜமாகவே பவரை வெட்டினால் திரும்பி வர இடமில்லை. ஏற்காவிட்டால் பிழை திரும்பும்; அந்த நிலையின் ரிஜெக்டட் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். புதிய ஃபர்ம்வேர் ஏற்றிய ஒவ்வொரு முறையும் யூசேஜ், ரிஜெக்டட் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். கிளஸ்டர் நிலைகளை டொமைன் படிநிலையாக எழுதியிருந்தால் அவை சிபியுஐடில் அடைவில் வராது. டிபக்எஃப்எஸ்ஸில் பிஎம் ஜென்பிடி அடைவில் தேடுங்கள்.