எட்டடியில் தண்ணீர்

பெர்லினில் இறங்கிய அரை மணி நேரத்தில் ஒரு குழாய் என்னை நிறுத்திவிட்டது. அலெக்சாண்டர்பிளாட்ஸ் பக்கம், ரோட்டோரமாக, பளிச்சென்ற ரோஸ் நிறத்தில், ஆள் தலைக்கு மேலே வளைந்து வளைந்து போகிற பெரிய குழாய். அழகுக்கு வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். டிரெஸ்டனிலிருந்து எங்கள் மாணவர் குழுவைக் கூட்டி வந்திருந்த ஜெர்மன் அக்காவிடம் கேட்டேன். "இங்கே கட்டடத்துக்குக் குழி தோண்டினால் தண்ணீர் ஊறிவிடும். அதை இறைத்து இந்தக் குழாயில் ஆற்றுக்கோ கால்வாய்க்கோ விட்டுவிடுவார்கள்" என்றார். எத்தனை ஆழத்தில் ஊறும்? பல இடங்களில் இரண்டு மூன்று மீட்டரிலேயே.

மற்றவர்கள் 368 மீட்டர் டிவி கோபுரத்தைப் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். குழாய் தரைக்கு இறங்குகிற இடத்தில் கை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

எங்கள் தோட்டம் அவிநாசிக்கும் சேவூருக்கும் நடுவில் இருக்கிறது. 2017 வறட்சியில் அப்பா மூன்றாவது போர் போட்டார். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர் வந்து காட்டிய இடம். ரிக் வண்டி ராத்திரி முழுக்க ஓடியது. 600 அடி, 800 அடி, ஆயிரம். வந்ததெல்லாம் புகை. பாறை மாவாகிப் பறந்து வேப்பமரம், மாட்டுக் கொட்டகை, அப்பாவின் தலை எல்லாம் வெள்ளையாகிவிட்டது. "இன்னும் அம்பது அடி போங்க, இன்னும் அம்பது அடி போங்க" என்று வண்டிக்காரரிடம் சொல்லிக்கொண்டே இருந்தார். 1,100 அடியில் நிறுத்தியபோது விடிந்திருந்தது. வந்தவர்களுக்கு நான்தான் டீ கொடுத்தேன். அன்றைக்கு முழுக்க வீட்டில் யாரும் பேசவில்லை. அந்தக் கோடையில் தென்னை பாதிக்கு மேல் பட்டுப்போயிற்று.

அப்புறம் நடந்துகொண்டே இருந்தோம். 1791இல் கட்டிய பிராண்டன்பர்க் வாசலைப் பார்த்தோம். 1961 முதல் 1989 வரை ஊரையே இரண்டாகப் பிரித்து நின்ற சுவர் இருந்த இடத்தில் இப்போது தார் ரோட்டுக்கு நடுவே இரட்டை வரிசையாகக் கல் பதித்திருக்கிறார்கள். அந்தக் கல்மேல் ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம் வைத்து எல்லோரும் நின்றோம். நல்ல இடங்கள்தான். என் நினைப்பு மட்டும் அங்கே இல்லை.

மதியச் சாப்பாட்டில் தண்ணீர் கேட்டேன். கண்ணாடி பாட்டிலில், நுரைத்துக்கொண்டு, விலையோடு வந்தது. ஜெர்மனி வந்து ஒரு வருடம் ஆகிறது. எல்லாம் பழகிவிட்டது என்றுதான் வீட்டில் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை அடைத்திருப்பது பழகிவிட்டது, காலி பிளாஸ்டிக் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்து 25 சென்ட் வாங்குவது பழகிவிட்டது. ஆனால் தண்ணீருக்குப் பில் வரும்போது இன்னும் சுருக்கென்கிறது. எங்கள் பக்கம் வாசலில் யார் வந்து நின்றாலும் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர். வந்த விஷயத்தை அதற்குப் பிறகுதான் கேட்போம். குடிநீர் லாரி வாரம் ஒரு முறை வந்த காலத்திலும் ஆத்தா அந்தச் சொம்பை நிறுத்தவில்லை.

இந்த ஊரில் மழை கொட்டுகிறது என்று நினைக்க வேண்டாம். பெர்லினில் வருடத்துக்கு 600 மில்லிமீட்டர்கூடப் பெய்வதில்லை. எங்கள் பக்கமும் ஏறக்குறைய அவ்வளவுதான். வித்தியாசம் மண்ணில் இருக்கிறது. இங்கே பனியுகத்தில் பனிப்பாறை உருகி ஓடிய பள்ளத்தாக்கில், மணல்மேல் ஊர் உட்கார்ந்திருக்கிறது. பெய்த மழை மணலில் இறங்கி அங்கேயே நிற்கிறது. பெர்லின் என்ற பெயரே சதுப்பு நிலத்தைக் குறிக்கும் பழைய ஸ்லாவியச் சொல்லிலிருந்து வந்தது என்கிறார்கள். நமக்குக் கீழே பாறை, மேலே வெயில். எங்கள் அப்பாவிடம் குறை ஒன்றும் இல்லை என்பது எனக்கு அங்கே நின்றபோதுதான் முழுசாகப் புரிந்தது. அந்த மூன்றாவது போருக்காக அவர் இன்றைக்கும் தன்னையே நொந்துகொள்வார்.

சாயங்காலம் தங்குமிடத்துக்குப் போகிற வழியில் ஒரு மரத்தடியில் அடிபம்பு! பச்சை பெயிண்ட் அடித்த பழைய வார்ப்பிரும்பு பம்பு. பஞ்சாயத்து போர்டு முன்னால் இருக்குமே, அதன் பெரியப்பா மாதிரி. அவசர காலத்துக்காக இந்த ஊரில் இரண்டாயிரம் தெருப் பம்புகள் வரை வைத்திருக்கிறார்களாம். கென்யாக்காரத் தோழி ஓடிப் போய்ப் பிடித்தாள். அவள் ஊரிலும் இது உண்டு. நான் அடித்தேன், நாலாவது அடியில் தண்ணீர் குதித்து வந்தது. குடிக்கக் கூடாது என்று எழுதியிருந்ததால் முகம் கழுவிக்கொண்டோம். ஜெர்மன் பிள்ளைகள் எங்களை வேடிக்கை பார்த்தார்கள். அந்த நாளில் எனக்கு மனசு நிறைந்தது அங்கேதான்.

இரவு எட்டரைக்கு, ஊர்க்கணக்கில், அப்பாவைக் கூப்பிட்டேன். எங்கள் குளத்தில் தண்ணீர் இருக்கிறதாம். அத்திக்கடவு தண்ணீர். அறுபது வருடத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு, 2024 ஆகஸ்டில்தான் திட்டம் ஓடத் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானி ஆற்றில் எடுத்து, ஆறு பம்பிங் ஸ்டேஷன் வைத்து மேட்டுக்கு ஏற்றி, 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாயில் கொண்டுவருகிறார்கள். எங்கள் குளத்தில் முதல் முறை குழாய் திறந்தபோது ஆத்தா போய் மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டதை அம்மா வீடியோ அனுப்பியிருந்தார். அன்று அதைப் பத்து தடவை பார்த்திருப்பேன்.

ரோஸ் குழாயைப் பற்றிச் சொன்னேன்.

"எத்தனை அடியில தண்ணின்னு சொன்ன?"

"எட்டு, பத்து அடிதானுங்கப்பா. குழி தோண்டுனா நிக்குதுங்க. எறைச்சு ஆத்துல விடறாங்க."

கொஞ்ச நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பின்னால் மாடு கத்தியது. அப்புறம் அப்பா கேட்டார்.

"உப்புத் தண்ணியா, நல்ல தண்ணியா கண்ணு?"