ஓர் எழுத்தை எடுத்துவிட்டுப் பார்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று சங்கத்தார் கேட்டார்கள். விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதுவார்கள். நான் எழுத விரும்புவது எங்கள் தமிழ் மாஸ்ரரின் சொற்புதிர்களைப் பற்றி.

பாடம் முடிந்தும் மணி அடிக்காமல் இருந்தால் வெண்கட்டியை எடுத்துக் கரும்பலகையில் 'குதிரை' என்று எழுதுவார். முதலெழுத்தை உள்ளங்கையால் மறைப்பார்: திரை. நடு எழுத்தை மறைப்பார்: குரை. கடைசி எழுத்தை மறைத்தால் குதி. அப்புறம் 'கமலம்' வரும். இரண்டாம் எழுத்துப் போனால் கலம். மூன்றாவது போனால் கமம், அதாவது வேளாண்மை. கமக்காரர் வீட்டுப் பிள்ளைகள்தான் இதை முந்திச் சொல்லுவார்கள். முதலெழுத்துப் போனால் மலம் என்றதும் பின்வாங்கில் சிரிப்பு எழும். "மும்மலம்: ஆணவம், கன்மம், மாயை. சமய பாடத்திலை படிச்சதெல்லாம் எங்கை போச்சுது?" என்பார் மாஸ்ரர்.

அவர் தந்ததில் எனக்கு இன்றைக்கும் பெரிதாகத் தெரிவது பழைய தனிப்பாடல் ஒன்றிலுள்ள நாலெழுத்துப் புதிர். முன்னெழுத்து இல்லாவிட்டால் பெண். பிற்பாதி போனால் ஏவற்சொல். முதலெழுத்தோடு பிற்பாதி சேர்ந்தால் மேகம். தலையும் கடையும் மட்டும் நின்றால் மிருகத் தீனி. இரண்டாம் எழுத்துத் தனியே ஒரு மாதம். முற்பாதி போய்விட்டால் இருட்டு.

மாதத்தில்தான் நாங்கள் பிடித்தோம். ஓரெழுத்தில் மாதம் என்றால் தை. அதற்குப் பிறகு தையல் (பழந்தமிழில் பெண்), புதை, புயல் (பழந்தமிழில் மேகம்), புல் என்று வரிசையாக விழுந்தன. சொல் புதையல். ஆனால் இருட்டு இடித்தது. முற்பாதியை எடுத்தால் 'யல்' அல்லவா மிஞ்சுகிறது?

"தம்பி, அந்த யகரம் எங்கையிருந்து வந்தது? சொல்லும் பாப்பம்" என்றார் மாஸ்ரர். புதை, அல் என்று பிரித்து எழுதி, நடுவில் யகர மெய்யைச் சின்னதாகப் போட்டார். அல் என்றால் இருள். 'இ ஈ ஐ வழி யவ்வும்' என்ற நன்னூல் வரியை முந்திய கிழமைதான் அர்த்தம் தெரியாமல் மனனம் செய்திருந்தோம். இரண்டு உயிரெழுத்துகள் சந்திக்கும்போது நடுவில் வந்து சேரும் மெய்யான உடம்படுமெய் எனக்கு விளங்கியது அந்த நிமிடத்தில்தான். இலக்கணத்தை இப்படித்தான் தொடங்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். விதி பிறகு தானே வந்து சேரும்.

இது சின்னப்பிள்ளை விளையாட்டு மட்டும் அல்ல என்பதையும் அவரே சொன்னார். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் சொல்லும் சித்திரகவி (எழுத்துகளை வைத்து விளையாடும் பாட்டு) வகைகளில் எழுத்தை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பொருள் காண்பது எழுத்து வருத்தனம், குறைத்துக் காண்பது அக்கரச்சுதகம். கோகநகம் என்றால் தாமரை; கோ போனால் கநகம், அதாவது பொன்; க போனால் நகம், அதாவது மலை; ந-வும் போனால் கம், அதாவது தலை.

இங்கே வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் இப்போது நானும் இந்தப் புதிர்களைப் போடுகிறேன். கைபேசியில் தட்டிப் பழகிய பிள்ளைகள் 'தை'யில் ஓரெழுத்தை எடுக்கச் சொன்னால் 'த' மிஞ்சும் என்கிறார்கள். பல கைபேசிகளில் ஒருமுறை அழித்தால் ஐகாரக் குறிதானே போகிறது! தை முழுவதும் ஒரே எழுத்து என்று சொல்லி, மாஸ்ரரைப் போலவே உள்ளங்கையால் மறைத்துக் காட்டுகிறேன். சரி, அதற்குப் பிறகு வேகம் பிடித்துவிடுகிறார்கள்.

அவர்களுக்காக நான் கட்டிய ஒன்று, எங்கள் வகுப்புக்காரர்களுக்கும்: மூன்றெழுத்துச் சொல். முதலெழுத்துப் போனால் மண்ணில் ஊன்றலாம். நடு எழுத்துப் போனால் அம்மம்மா சொல்லுவா. கடை எழுத்துப் போனால் அதை எழுதியவரே வந்து நிற்பார். விடையை ஆண்டு ஒன்றுகூடலில் என்னிடம் சொல்லுங்கள்; உங்களுடைய புதிர் ஒன்றையும் கொண்டு வாருங்கள்.